அந்தக் 'கே' எங்கிருந்து வந்தது? உயிரியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறவன் நான். என் கோரிக்கை ஒன்றுதான். 'ஆற்றல் ஓட்டம்', 'இனத்தொகை வளர்ச்சி' என்று நீங்கள் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும் இரண்டு பாடங்களையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள்.

இனத்தொகைப் பாடத்தில் 'எஸ்' வடிவ வளைகோடு வருகிறது. அதன் தலைமேல் ஒரு கிடைக்கோடு. பக்கத்தில் 'தாங்குதிறன், கே' என்ற குறிப்பு; ஓர் இடம் நீடித்துத் தாங்கக்கூடிய உயிர்களின் எண்ணிக்கை என்று பொருள். பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் தந்த சமன்பாடு அது, அதில் குறையில்லை. ஆனால் அந்தக் கோடு ஏன் அந்த உயரத்தில் நிற்கிறது என்று ஒரு வரிகூடப் பாடத்தில் இல்லை. ஒரு மாணவி எழுந்து, "அந்தக் கே-யை யார் சார் முடிவு பண்றது?" என்று கேட்டாள். அதற்கான விடையில் பெரும்பகுதி முந்தைய பாடத்தில், உணவுச் சங்கிலியில் படிக்குப் படி ஆற்றல் குறைவதைக் காட்டும் ஆற்றல் பிரமிடுக்குள் இருந்தது. அவளுக்கு அது தெரிய வழியே இல்லை. தேர்வு முடிந்ததும் அந்தப் பாடத்தை எல்லாரும் மூடி வைத்துவிட்டார்கள்.

செயின்ட் மேத்யூ தீவின் கதையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பெரிங் கடலில் ஆளில்லாத தீவு. 1944-இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை அங்கே 29 துருவ மான்களைக் கொண்டுவந்து விட்டது. ஓநாய் கிடையாது, தரையெங்கும் லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர், மான்களின் தீனி) மெத்தைபோலப் படர்ந்திருந்தது. 1957-இல் மான்கள் சுமார் 1,350, கொழுகொழுவென்று இருந்தன. 1963-இல் சுமார் 6,000; இப்போது உடல் எடை குறைந்திருந்தது. அடுத்து வந்த குளிர்காலம் கடுமையானது. 1966-இல் எண்ணியபோது இருந்தவை 42. அவற்றில் கிடா ஒன்றே ஒன்று, குட்டிகள் இல்லை. பிறகு அந்தக் கூட்டமே இல்லாமல் போனது.

இதை 'தாங்குதிறனைத் தாண்டியதால் சரிந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் மாணவருக்கு எதுவும் கிடைக்காது. லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். அந்த மெத்தை பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த வெயில். அதிலிருந்து ஆண்டுதோறும் புதிதாக விளைவது மிகக் கொஞ்சம். மான்கள் வட்டியைத் தின்று நிற்கவில்லை, முதலையே தின்றன. முதல் இருந்தவரை கூட்டம் பெருகியது. ஆக, ஒரு நிலத்தில் இன்று எவ்வளவு தீனி கிடக்கிறது என்பதோடு, ஆண்டுக்கு எவ்வளவு புதிதாக விளைகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். ஆற்றல் பாடத்தில் 'ஓட்டம்' என்ற சொல்லுக்கு உள்ள பொருளே இதுதான். கடலில் மிதவைத் தாவரங்களின் எடை அவற்றைத் தின்னும் உயிர்களின் எடையைவிடச் சில வேளை குறைவாக இருப்பதும் இதனால்தான். அவை அவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன.

அப்புறம் அந்தப் 'பத்து விழுக்காடு விதி', அதாவது ஒரு படியில் உள்ள ஆற்றலில் பத்து விழுக்காடுதான் அதைத் தின்னும் அடுத்த படிக்குப் போகும் என்பது. அதற்கு ஆதாரமாக அமெரிக்கச் சூழலியலாளர் லிண்டமனைச் சொல்கிறீர்கள். 26 வயதில் இறந்துபோன அந்த இளைஞரின் கட்டுரை, அவர் இறந்த பிறகு 1942-இல் வெளிவந்தது. அதில் சீடர் பாக் ஏரிக்கு அவர் கணக்கிட்ட அளவுகளைப் பாருங்கள்: தாவரம் தின்பவைக்கு 13.3 விழுக்காடு, அவற்றைத் தின்பவைக்கு 22.3. பத்து என்பது தோராயமான சராசரி. அதை விதியாக்கி மனப்பாடம் செய்ய வைத்தால், இந்த எண் ஏன் உயிருக்கு உயிர் மாறுகிறது என்ற அருமையான கேள்வி காணாமல் போகிறது. பாலூட்டியும் பறவையும் செரித்த ஆற்றலில் மிகப் பெரும்பகுதியை உடல் சூட்டுக்கே எரித்துவிடுகின்றன. சதையாக மாறுவது 1 முதல் 3 விழுக்காடுதான். பல பூச்சிகளில் இது ஏறக்குறைய 40. ஒரே அளவு தழையில் எலிக்கூட்டம் எவ்வளவு பெருகும், வெட்டுக்கிளிக் கூட்டம் எவ்வளவு பெருகும் என்று இனத்தொகைப் பாடத்தில் கேட்டுப் பாருங்கள், வகுப்பு விழித்துக்கொள்ளும்.

எல்லா எல்லையும் ஆற்றலால் வருவதில்லை, சரி. கூடு கட்டப் பொந்து இல்லாமல் நிற்கும் பறவைக் கூட்டம் உண்டு, நோயால் அடங்குவது உண்டு, பாஸ்பரஸ் போதாமல் பெருக முடியாத பாசி உண்டு. அவற்றையும் எழுதுங்கள். கோடு ஏன் அங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு எழுதுங்கள், அது போதும்.

அடுத்த பதிப்பில் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள். 29, 1,350, 6,000, 42 என்ற நான்கு எண்களையும் ஆண்டுகளோடு தந்து, வளைகோட்டை மாணவரையே வரையச் சொல்லுங்கள். கீழே லைக்கனின் வளர்ச்சி வேகத்தைக் குறிப்பிடுங்கள். என் வகுப்பில் இதைச் செய்தபோது, கே-யைப் பற்றிக் கேட்ட அதே மாணவி கிடைக்கோட்டை நேராகப் போடவில்லை. 1944-இலிருந்து கீழ்நோக்கிச் சரியும்படி வரைந்து, அதற்கு 'லைக்கன்' என்று பெயர் எழுதியிருந்தாள்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்