கைப்பிடிச் சத்தம்

பெருந்துறை,
ஆவணி முதல் வாரம்.

மாப்ளே,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வலது உள்ளங்கையில் போட்ட ஏழு தையலைப் பிரித்து இரண்டு வாரம்தான் ஆகிறது. சுண்டு விரல் இன்னும் முழுசாக மடங்க மாட்டேன் என்கிறது. உன் கடிதம் வைகாசியிலேயே வந்துவிட்டது. பதில் போடாததற்கு இந்தக் கையைச் சாக்குச் சொல்லலாம் என்று பார்த்தேன், ஆனால் வெட்டுப்பட்டது ஆடியில். அப்படியானால் ஆனி முழுக்க என்ன பண்ணினாய் என்று கேட்பாய். சோம்பல்தான், விடு.

இங்கே எல்லோரும் சுகம். அம்மா 'ஓசூர்க்காரன் நோம்பிக்குக்கூட வரலையே' என்று ஒரு பாட்டம் புலம்பினாள். நம்ம சேமியாப் பயலுக்கு இன்னும் பெண் அமையவில்லை. போன மாசம் தாராபுரம் பக்கம் போய்ப் பார்த்தார்கள். பெண் வீட்டில் காபி நன்றாக இருந்ததாம், அதற்கு மேல் தகவல் இல்லை.

ஆடிப் பதினெட்டுக்கு நம் சிலம்பக் களத்துப் பிள்ளைகள், தீரன் சின்னமலை கோட்டை கட்டிய ஓடாநிலைக்குப் போய்க் கம்பு சுற்றுவது உனக்குத் தெரியும். 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் சின்னமலையைத் தூக்கில் போட்டதற்கு இன்றைக்கும் அரச்சலூர் ரோட்டில் வேன் வேனாகக் கூட்டம் இறங்குகிறது. இந்த வருஷம் பிள்ளைகள் வாள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். வெறும் கம்பை யார் பார்ப்பார்கள், மற்ற குழுவெல்லாம் வாளோடு வருகிறது என்று ஒரே நச்சரிப்பு. வாத்தியார் விட்டுப்போன வாள் இரண்டும் கறுத்துப்போய் அட்டாலியில் கிடக்கின்றன. அது அவர்கள் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. ஒரு பையன் ஆன்லைனில் ஒன்று தருவித்துவிட்டான். கண்ணாடி மாதிரி மின்னுகிறது. பிடியில் சிங்கத்தலை, உறையில் சிவப்பு வெல்வெட். எனக்கே ஆசை வந்துவிட்டது.

ஆடி எட்டாம் தேதி சாயங்காலம் கோயில் களத்தில் ஒத்திகை. பையன் நன்றாகத்தான் வீசினான். மூன்றாவது சுற்றில் 'டிங்' என்று ஒரு சத்தம். பார்த்தால் அவன் கையில் சிங்கத்தலை மட்டும் இருக்கிறது, வாளைக் காணோம். அது மேளக்காரர் தோளுக்கு மேலே பறந்து, வேப்பமரத்தில் மோதிக் கீழே விழுந்து, சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கமாகச் சிமெண்டுத் தரையில் சறுக்கிக்கொண்டு வந்தது. நான் யோசிக்கவே இல்லை, குனிந்து கையால் அமுக்கிவிட்டேன். விளிம்பு மழுங்கல்தான். ஆனால் ஒடிந்த அடிப்பக்கம் அரம் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

'கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாதே, காலை எடுத்துக்கொண்டு நகர்' என்று வாத்தியார் நம் கெண்டைக்கால் வீங்க வீங்கச் சொல்லிக்கொடுத்தாரே, நினைவிருக்கிறதா? முப்பது வருஷம் கழித்து அந்தப் பாடத்தில் நான் ஃபெயில்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. ஒருவர் ஓடிப்போய்க் காபித்தூளை அள்ளி வந்து காயத்தில் அப்பினார். இன்னொருவர் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸம்மா தூளைக் கழுவி எடுக்கவே கால் மணி நேரம் ஆனது. 'ஏனுங்கண்ணா, சக்கரை போடலீங்களா?' என்று கேட்டாள். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை மேலே தூக்கிக்கொண்டு வந்திருந்தாலே போதுமாம். டி.டி. ஊசி வேறு. சேமியா பார்க்க வந்தவன், 'கோயமுத்தூர் ராஜவீதியில சௌடேஸ்வரி அம்மனுக்குக் கத்தி போடறவங்க மஞ்சளைப் பூசிட்டு நடந்தே போறாங்க, நீ ஒரு உள்ளங்கைக்குப் போயி முனகறே' என்று ஆறுதல் சொன்னான்! அவனுக்கு ஏன் பெண் அமையவில்லை என்று தெரிகிறதல்லவா.

கை கொஞ்சம் தேறியதும் அந்தப் பிடியைப் பிரித்துப் பார்த்தேன். நீ பட்டறைக்காரன், உனக்குச் சொன்னால் புரியும். வாளின் வால் பிடிக்குள்ளே ஒரு விரல் நீளம்தான் போகிறது. அதன் நுனியில் மரை போட்ட கம்பி ஒன்றை வைத்துப் பொட்டு வெல்டிங் அடித்து, அடியில் ஒரு நட்டு. அவ்வளவுதான்! இரண்டரை அடித் தகட்டை வேகமாகச் சுழற்றினால் அத்தனை இழுப்பும் அந்தப் பொட்டிலேதானே விழும்? தகடும் எவர்சில்வர். சுவரில் மாட்டி அழகு பார்க்கச் செய்த சாமான் அது. நம் வாத்தியாரின் வாள் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்து, காய்ச்சித் தோய்ச்சல் போட்டது. வளைத்து விட்டால் பழையபடி நிமிரும். வால் பிடியின் கடைசி வரைக்கும் ஓடுகிறது, அதைச் சுற்றி அரக்கு. வெயிலில் போட்டால் அரக்கு இளகிவிடும் என்று அவர் நிழலிலேயே வைத்திருப்பார். நாம் அதைப் பார்த்து 'வாத்தியாருக்கு வாள் மேல அவ்வளவு பிரியம், எங்களத்தான் வெயில்ல நிக்க வெக்கறாரு' என்று முணுமுணுத்தோம்.

இதையெல்லாம் ஊரில் எல்லோரிடமும் விளக்கிவிட்டேன். விற்றவனைத் திட்டினேன், காலத்தைத் திட்டினேன். ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன்.

முந்தின நாள் ராத்திரி அந்த வாளை நான் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தேன். பிடிக்குள் 'கலக்' என்று கேட்டது. ஆயுதத்தை எடுத்ததும் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டு, பேசினால் கீழே வை என்பார் அல்லவா வாத்தியார்? அது பேசியது மாப்ளே. நான் ஸ்பேனரை எடுத்து நட்டை இரண்டு சுற்று முறுக்கினேன். சத்தம் நின்றது. பத்து நாள்தானே, ஓடாநிலை முடியட்டும் என்று பையனிடம் கொடுத்துவிட்டேன். அந்த இரண்டு சுற்றே வெல்டிங்கை இன்னும் இழுத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. நீதான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஆப்பிளும் ஆர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, என்னால்தான் குழந்தைகள் தப்பித்தன என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த ஆப்பிள் ஒன்றையும் நான் தொடவில்லை.

சின்னவள் பள்ளிக்கூடத்தில் வாள் சண்டை கற்கிறாள், எழுதியிருந்தேனா? நம்ம பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடியதிலிருந்தே பிடித்த பைத்தியம். அவள் என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, 'எங்க கோச் மொதல்ல கத்தியத்தான் பாப்பாரு, அப்புறந்தான் எங்களைப் பாப்பாரு' என்றாள். முகமூடி போடாதவர்கள் முன்னால் யாரும் கத்தியை நீட்டவே கூடாதாம். பெரிய போட்டிகளில் போடும் சட்டை 800 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டுமாம். இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கேட்டேன். 1982-ல் ரோமில் உலகப் போட்டி. விளாதிமிர் ஸ்மிர்னோவ் என்ற சோவியத் வீரர், இரண்டு வருஷம் முன்பு மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். எதிரில் ஆடிய மேற்கு ஜெர்மனிக்காரர் மத்தியாஸ் பேர் என்பவரின் கத்தி ஒடிந்து, ஒடிந்த முனை முகமூடிக் கம்பிவலையைத் துளைத்துக் கண் வழியாக மூளைக்குள் போய்விட்டது. சில நாளில் ஸ்மிர்னோவ் இறந்துபோனார். அதற்கப்புறம்தான் கத்தி இரும்பு, முகமூடி, சட்டை எல்லாவற்றுக்கும் விதியை இறுக்கினார்கள்.

அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டாள். எனக்கு அந்த ஜெர்மனிக்காரரை விட்டு மனசு நகரவில்லை. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. இருந்தும் வருஷக்கணக்கில் அதைச் சுமந்ததை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இங்கே நம் பையன் அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுதானாம். வாங்கி வந்தவன் நான்தானே என்று களத்துப் பக்கமே வருவதில்லை. ஓடாநிலைக்கும் வரவில்லை. மற்ற பிள்ளைகள் கம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ச் சுற்றினார்கள், நன்றாகவே சுற்றினார்கள், கைதட்டும் கிடைத்தது. நான் கட்டுப்போட்ட கையோடு ஓரமாக நின்றுகொண்டு, வராதவனையே நினைத்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வயசு. நான் செய்ததற்கு அவன் அழுகிறான்.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. எனக்கு மூன்று பழகு வாள் செய்துகொடு. அலுமினியத் தகடு போதும், எடை பிள்ளைகள் கைக்கு அடங்கும். அலகும் வாலும் ஒரே துண்டாக வரட்டும், வெல்டிங் எங்கேயும் வேண்டாம். ஓரம் மூன்று மில்லிக்குக் குறையாமல் உருட்டிவிடு, முனை ஒரு ரூபாய்க் காசு மாதிரி வட்டமாக இருக்கட்டும். தனியாக வீசிப் பழகத்தான், ஒன்றோடு ஒன்று மோத விடமாட்டேன். பின்னால் ஒரு படம் வரைந்திருக்கிறேன், இடது கையால் வரைந்தது, சுரைக்காய் என்று நினைத்துவிடாதே. காசு எவ்வளவு என்று சொல். நட்புக்குச் செய்தேன் என்று வீரம் பேசினால், சுருள்வாளை எடுத்துச் சுற்றத் தொடங்கி நிறுத்தத் தெரியாமல் எங்கள் அத்தையின் துணிக்கொடியை அறுத்தவன் யார் என்று உன் மகளிடம் எழுதிவிடுவேன். அந்தச் சுங்குடிச் சேலையை அத்தை இன்னும் மறக்கவில்லை.

வாத்தியாரின் வாள் இரண்டையும் இறக்கித் துடைத்து எண்ணெய் போட்டேன். காதில் வைத்து ஆட்டினேன், பேசவில்லை. ஆனாலும் பூட்டி வைத்துவிட்டேன்.

தபால் பெட்டி அந்தப் பையன் வீட்டு முக்கில்தான் இருக்கிறது. இதைப் போட்டுவிட்டு அப்படியே உள்ளே போகிறேன். ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன், எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அவன் அப்பன் கொஞ்சம் கோவக்காரன்.

உன்,
பங்காளி