படகில் உட்கார்ந்து வாணம் பார்க்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு கோடை விழா என்றால் மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி எல்லாம் உண்டு. கூடவே ஏரிக்கரையில் வாணவேடிக்கையும் வைத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். அதை ஏரி நடுவே படகில் இருந்து பார்த்தால் இன்னும் அழகு என்றும் தோன்றும். அங்கேதான் வம்பு தொடங்குகிறது. கோடை விழாவோ, புத்தாண்டு இரவோ, கோயில் தெப்பமோ, தண்ணீர் ஓரம் வாணம் விட நினைக்கும் விழாக் குழுவினர், விடுதிக்காரர்கள், படகுத் துறையினர் எல்லோருக்குமாக இதை எழுதுகிறோம்.

கரையில் வாணம் விடுபவர்கள் ஜனக் கூட்டத்தின் மேல் எதுவும் விழக்கூடாது என்று, குண்டை மேலே எய்யும் குழாயைக் கொஞ்சம் நீர்ப்பக்கம் சாய்த்து வைப்பார்கள். நல்ல பழக்கம்தான், தண்ணீர் காலியாக இருக்கும் வரை. மேலே போய் விரிந்து வெடிக்கும் மூன்று இன்ச் பேன்சி குண்டு சுமார் 300 அடி உயரம் போகும். குழாய் 5 டிகிரி சாய்ந்திருந்தால், வெடிக்காமல் போகும் குண்டு ஏறத்தாழ 100 அடி தள்ளித் தண்ணீரில் விழும். 10 டிகிரி என்றால் 200 அடி. அதாவது கரைக் கூட்டத்தைக் காப்பாற்றச் செய்யும் அதே ஏற்பாடு, குண்டைப் படகுக்காரன் தலைக்கு நேராக அனுப்புகிறது. படகை ஏரிக்குள் விட்டவரும் குழாயைச் சாய்த்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசியிருக்கவே மாட்டார்கள்.

தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 1123-ம் எண் விதித்தொகுப்பு, குழாயின் விட்டம் ஒவ்வொரு இன்ச்சுக்கும் 70 அடி விலகல் கேட்கிறது. இரண்டு இன்ச்சுக்கு 140 அடி, மூன்றரை இன்ச்சுக்கு 245 அடி, நாலு இன்ச்சுக்கு 280 அடி, ஆறு இன்ச்சுக்கு 420 அடி. இது தரையில் நிற்கும் கூட்டத்துக்கான கணக்கு. தரையில் நிற்பவன் தீப்பொறியைக் கண்டால் ஓடலாம். படகில் இருப்பவன் எங்கே ஓடுவான்? ஆகவே படகுக்கு இதை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பது எங்கள் கருத்து. நங்கூரமில்லாத படகு நின்ற இடத்திலும் நிற்காது. இரண்டு விநாடிக்கு ஓர் அடி என்ற மெதுவான நகர்வில்கூடப் பத்து நிமிடத்தில் 300 அடி போய்விடும். அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

பெரிய குண்டைவிட எங்களுக்கு அதிகம் பயம், ஒரே திரியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வாணம் கிளம்பும் அந்தப் பெட்டி ஷாட்டுகள்தான். 60 ஷாட், 120 ஷாட் பெட்டியை ஏரிக்கரைப் புல்லில் அப்படியே வைத்துத் திரியைக் கொளுத்திவிடுவார்கள். ஒவ்வொரு ஷாட்டும் போகும்போது பெட்டியைக் கீழே உதைக்கிறது. ஈரமண் ஒரு பக்கம் அமுங்கும், உள்ளே எரிந்த அட்டை தளரும், பாதி ஷாட் முடிந்த பிறகு பெட்டி சாய்ந்துவிடும். மீதி ஷாட்டெல்லாம் நீர்மட்டத்துக்கு ஓர் ஆள் உயரத்தில் கிடையாகப் பாயும். அடியில் தட்டையான பலகை போடுங்கள். நாலு பக்கமும் மணல் மூட்டை அண்டக் கொடுங்கள். இரு பக்கமும் முளைக்குச்சி அடித்துப் பெட்டியைக் கட்டுங்கள். விசிறி போல விரியும் ரகமென்றால், விரியும் திசை கரையோடு நீளவாட்டில் இருக்க வேண்டும். நீர்ப்பக்கம் திரும்பக் கூடாது. தனிக் குழாயை மூன்றில் இரண்டு பங்கு மணலில் புதைத்தே வைக்க வேண்டும். தெப்பத்தின் மேலிருந்து விடுகிறீர்கள் என்றால் நாலு மூலையிலும் நங்கூரம் வேண்டும். ஒரே கயிற்றில் கட்டிய தெப்பம் காற்றுக்குச் சுழலும். மாலையில் கிழக்கே சாய்ந்திருந்த குழாய் இரவில் படகுத் துறையைப் பார்த்து நிற்கும்.

ஏற்காட்டுக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. ஏரி கிண்ணம் போன்ற பள்ளத்தில் கிடக்கிறது. காற்றில்லாத இரவில் மலைச்சரிவிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கி நீரின் மேல் படியும். பத்து நிமிட வேடிக்கையின் புகை மேலே கலைந்து போகாமல் அதோடு சேர்ந்து தண்ணீர் மேலேயே படுத்துக்கொள்ளும். மூடுபனியும் வந்துவிட்டால் பக்கத்துப் படகு தெரியாது. காற்று பலமாக இருந்தால் வேறு சிக்கல்: எரியும் காகிதத் துண்டுகள் காற்றடிக்கும் பக்கமெல்லாம் விழும். முதலில் ஒரே ஒரு சிறிய வாணத்தை விட்டு, புகை எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு நேரத்தில் கலைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். ஐந்து நிமிடமாகியும் அந்தப் புகை தண்ணீரை விட்டு எழும்பவில்லையென்றால் வேடிக்கையைத் தள்ளிப்போடுவதே மேல். கோடையில் காபித் தோட்டத்துச் சருகும் புல்லும் காய்ந்து கிடக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இவ்வளவும் வாணத்தின் ஆபத்து. உயிரை எடுப்பது பெரும்பாலும் வாணமாக இருக்காது, படகாகத்தான் இருக்கும். கேரளத்தின் தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று கவிழ்ந்த சுற்றுலாப் படகை நினைத்துப் பாருங்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் கூடியதும் படகு சாய்ந்தது. 45 பேர் இறந்தார்கள். வாணவேடிக்கை அதைவிட மோசம். விலங்கை எல்லோரும் ஒரே நொடியில் பார்ப்பதில்லை. வாணத்தை எல்லோரும் ஒரே நொடியில், ஒரே திசையில் பார்க்கிறார்கள். கையில் செல்போன் வேறு. உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றால் அவருடைய எடை உயரே போகிறது. பக்கவாட்டில் சாய்ந்தால் ஓரத்துக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்தால் துடுப்புப் படகு தாங்காது. மேலே கூரை போட்ட மிதிபடகில் வானம் தெரியாது என்பதால் வெளியே எட்டிப் பார்ப்பார்கள், அது இன்னும் கேடு. அதே கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று இருட்டிய பிறகு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பகலில் கவிழ்ந்தால் கரையில் இருப்பவர் கண்ணில் படும். இருட்டில் அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ஆகவே ஏற்காடு ஏரி, சேலத்து மூக்கனேரி போன்ற சிறிய நீர்நிலைகளைப் பொறுத்தவரை நாங்கள் கேட்பது ஒன்றுதான். வேடிக்கைக்கு அரை மணி முன்பே எல்லாப் படகும் கரையேற வேண்டும். முடிந்து அரை மணி வரை எதுவும் இறங்கக்கூடாது. சிறப்பு இரவுச் சவாரி என்று சீட்டு விற்கவே கூடாது. சொல்லப்போனால் வாணம் கரையிலிருந்துதான் நன்றாகத் தெரியும். நேர் கீழே இருந்தால் கழுத்துதான் வலிக்கும். மூக்கனேரியில் மரம் வளர்ந்த மண்திட்டுகள் இருக்கின்றன. திட்டின் மறுபக்கம் ஒரு படகு நின்றால் கரையில் இருப்பவருக்குத் தெரியாது. எனவே கண்ணை நம்ப வேண்டாம். ஒவ்வொரு படகுக்கும் எண் போட்ட ஒரு வில்லை, துறையில் ஒரு ஆணிப் பலகை. படகு போகும்போது வில்லை பலகையை விட்டுப் போகும், வந்தால் திரும்ப மாட்டப்படும். கடைசி ஆணியிலும் வில்லை ஏறிய பிறகே முதல் திரிக்கு நெருப்பு. இதற்குச் செலவு நூறு ரூபாய்கூட ஆகாது.

பண்ணவாடியிலும் பூலாம்பட்டியிலும் நிலைமை வேறு. மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் காவிரியிலும் பரிசலும் விசைப்படகும் மக்களின் போக்குவரத்து, மீனவர்களின் பிழைப்பு. அங்கே முழுத் தண்ணீரையும் பூட்ட முடியாது. மிதவைகள் கோத்த கயிற்றால், படகு நுழையக் கூடாத விலக்கு வட்டத்தைக் கட்டி, மிதவைக்கு மிதவை ஒளிரும் குச்சி மாட்டலாம். வட்டத்துக்கு வெளியே, காற்று வரும் பக்கத்தில்தான் படகுகள் நிற்க வேண்டும். நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது இருக்கட்டும். குட்டைக் கயிறு நங்கூரத்தைத் தரையிலிருந்து பிடுங்கிவிடும். பரிசலில் யாரையும் வேடிக்கை பார்க்க ஏற்றாதீர்கள். வட்டமாக இருப்பதால் அதற்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. ஒருவர் எழுந்தால் சுழலும், இருவர் எழுந்தால் சாயும்.

இப்படிப் படகுகள் நீரில் நிற்கும் இடங்களுக்காக, உயிர்காப்பு உடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உடுப்பின் உள்ளே 50, 100, 150 என்று நியூட்டன் கணக்கு அச்சிட்டிருப்பார்கள். 50 என்றால் சுமார் 5 கிலோ தூக்கும் சக்தி. நீந்தத் தெரிந்தவருக்கு அது போதும். ஆனால் மயங்கியவரை முகம் மேலே இருக்கும்படி அது புரட்டிப் போடாது. இரவில், அதுவும் நீச்சல் தெரியாதவருக்கு, 100-க்குக் குறையாமல் கொடுங்கள். 150 இருந்தால் இன்னும் நல்லது. பக்கிள் எல்லாம் போட்ட பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். உடுப்பு காதுக்கு மேல் ஏறினால் தண்ணீரில் அது தனியே மிதக்கும், ஆள் தனியே போவார். குழந்தைகளுக்குக் கால்களுக்கு இடையே போகும் பட்டை கட்டாயம். மலைக்குளிருக்கு வருகிறவர்கள் ஸ்வெட்டர், சால்வை போட்டிருப்பார்கள். உடுப்புக்கு மேலே சால்வையைப் போர்த்தினால் விழும்போது அது முகத்தைச் சுற்றிக்கொள்ளும். தடித்த ஸ்வெட்டர் மேல் அவசரத்தில் போட்ட உடுப்போ பாதி பக்கிளோடு நிற்கும். சால்வை மடியில் இருக்கட்டும். ஒவ்வொரு உடுப்பிலும் ஒரு விசில், ஒளி பட்டால் மின்னும் பட்டை இரண்டும் வேண்டும்.

படகோட்டி வாணத்துக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் பளிச்சென்ற வெளிச்சத்தைப் பார்த்த கண் மறுபடி இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். எல்லாப் படகோட்டிகளும் கண்கூசிப்போய் ஒரே நேரத்தில் கரைக்குக் கிளம்புகிறார்கள் என்றால் அது முட்டி மோதும் நேரம். வேடிக்கை முடிந்ததும் இஞ்சினைத் தட்டக்கூடாது. புகை கலையட்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு படகாக வரட்டும். செல்போன் டார்ச்சை எதிர்ப்படகின் கண்ணில் அடிப்பதைத் தடுத்து, பயணிகளுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச் கொடுக்கலாம். பெட்ரோல் பகலிலேயே நிரப்பப்பட வேண்டும், கேனைப் படகில் வைக்கக் கூடாது. நிற்கும்போது இஞ்சினை ஓடவிட்டால் அதன் புகை பின்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு விஷம்.

மீட்புப் படகு இரண்டு, நீரின் இரு கோடியிலும் நிற்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 15 முதல் 20 மீட்டர் எறிகயிறு, இரண்டு மிதவை வளையம், ஒரு வாளி, நீச்சல் தெரிந்த இருவர். பெரிய மனிதர்கள் உட்கார்ந்து வாணம் ரசிக்கும் படகை மீட்புப் படகு என்று கணக்கில் எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வாணம் விடும் இடத்தில் வானத்தையே பார்க்காமல் தண்ணீரை மட்டும் பார்க்க ஒருவர் வாக்கி டாக்கியோடு நிற்க வேண்டும். வட்டத்துக்குள் ஒரு படகு நுழைந்தது என்று அவர் சொன்னால், பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, அடுத்த திரி கொளுத்தப்படக் கூடாது. பொது வாணவேடிக்கைக்கு 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி உரிமம் வாங்கியாக வேண்டும்; அந்த விண்ணப்பத்தோடு படகு ஏற்பாட்டின் வரைபடத்தையும் மாவட்ட நிர்வாகம் கேட்டு வாங்கலாம்.

108 வண்டியை அழைத்தால் வந்துவிடும் என்று மலையில் இருக்க முடியாது. விழா இரவில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கார்கள் நெருங்கி நிற்கும். ஆம்புலன்ஸ் முன்கூட்டியே ஏரி அருகில், சேலம் பக்கம் முகம் திருப்பி நிற்க வேண்டும். தண்ணீரிலிருந்து எடுத்தவருக்கு மூச்சில்லை என்றால் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதி, பிறகு 30 முறை நெஞ்சை அமுக்கி, 2 முறை ஊதித் தொடர வேண்டும். தீக்காயத்துக்கு 20 நிமிடம் ஓடும் தண்ணீர். பேஸ்ட்டும் மஞ்சளும் இங்க்கும் வேண்டாம்.

கடைசியாக மறுநாள் காலை. வெடிக்காத குண்டு உடனே முழுகாது. காகித ஓட்டோடு பாதி மூழ்கி, இளநீர்க் குலையிலிருந்து உதிர்ந்த குரும்பை போலக் கரையோரம் ஒதுங்கும். பையன்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். நனைந்த மருந்து காய்ந்தால் மறுபடி எரியும். வெயிலில் காய வைப்பதும் பையில் போட்டு எடுத்துப் போவதும் கூடாது. குழாயிலேயே நின்றுபோன குண்டை அரை மணி நேரம் யாரும் நெருங்கக்கூடாது. பிறகு பக்கவாட்டில் நின்று, குழாய் வாய்க்கு மேல் தலை நீட்டாமல், தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். விடிந்ததும் இரண்டு பேர் துடுப்புப் படகில் கரையோரமாக முழுச் சுற்றும் போய்ப் பார்த்து, கிடைத்த இடத்தில் கொடி நட்டு, தீயணைப்புத் துறையினரை அழைக்க வேண்டும். அவர்கள் எடுத்துப் போன பிறகுதான் அன்றைய முதல் சீட்டு கிழிக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
நீர்நிலைப் பாதுகாப்பில் அக்கறையுள்ள சிலர்,
சேலம்.