ஐடி கார்டு பீக்கன் வேற ரூம் காட்டினா பதறாதீங்க

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்,

"கணக்கு பீரியட்ல என் பொண்ணு லேப்ல இருக்கான்னு ஆப் காட்டுது சார், கிளாஸ கட் அடிச்சிட்டாளா?"ன்னு கொஞ்ச நாளா ஆபீசுக்கு போன் மேல போன் வருது. பிள்ளை கிளாஸ்லதாங்க இருக்கு, தடுமாறுறது சிக்னல்.

கார்டுல இருக்கிற ப்ளூடூத் பீக்கனுக்கு (சிக்னல் அனுப்புற குட்டிக் கருவி) தான் எங்க இருக்கோம்னே தெரியாது, தன்னோட நம்பரை மட்டும் விடாம அனுப்பிட்டே இருக்கும், எந்த ரூம் ரிசீவர்ல சிக்னல் பலமா விழுதோ பிள்ளை அந்த ரூம்னு சாஃப்ட்வேர் முடிவு பண்ணிடும். பலத்தை டிபிஎம்ல (டெசிபல் கணக்குல சொல்ற சிக்னல் அளவு) சொல்வாங்க, -60னா நல்ல சிக்னல், -85னா ரொம்ப வீக். 3 டெசிபல் குறைஞ்சாலே பவர் பாதி போச்சு, 10 குறைஞ்சா பத்துல ஒரு பங்குதான் மிச்சம்.

திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா சுமார் 6 டெசிபல் குறையும்னு கணக்கு இருக்கு, ஆனா கட்டடத்துக்குள்ள அது எடுபடாது. லேப்புக்கும் கிளாஸுக்கும் நடுவுல இருக்கிறது வெறும் ப்ளைவுட் தடுப்பு, சிக்னல் பெருசா குறையாமலே அந்தப் பக்கம் போயிடுது, ஆனா கிளாஸ் ரிசீவருக்கு முன்னாடி இரும்பு பீரோ நிக்குது, இரும்பு அலையை திருப்பி அடிச்சிடும், அதனால பக்கத்து ரூமே ஜெயிச்சிடுது. கம்பி கட்டின கான்கிரீட் சுவரும் நல்லாவே அடக்கிடும். இதுல பிள்ளைங்க உடம்பும் சேர்த்தி, உடம்புல பெரும்பகுதி தண்ணி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது உறிஞ்சிடும், கார்டு நெஞ்சுல தொங்குறப்ப பிள்ளை ரிசீவருக்கு முதுகு காட்டி உக்காந்தாலே அளவு சர்ருன்னு இறங்கிடும். அலைநீளமே கிட்டத்தட்ட 12.5 சென்டிமீட்டர்தான், நேரா வர்ற அலையும் சுவர்ல பட்டு வர்ற அலையும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிறதால ஒரு சாண் நகர்ந்து உக்காந்தாக்கூட சிக்னல் அளவு மாறும். வைஃபையும் இதே 2.4லதான் ஓடுது, அது பலத்தைக் குறைக்காது, ஆனா நடுநடுவுல சில சிக்னல் வந்து சேராமப் போகும்.

இந்த வாரம் ரிசீவரை எல்லாம் தலைக்கு மேல உயரத்துல, பீரோவை விட்டுத் தள்ளி மாட்டுறோம். ஒரே ஒரு ரீடிங்க நம்பாம சில ரீடிங்கோட சராசரி எடுத்து ரூமை முடிவு பண்ற மாதிரி செட்டிங்கும் மாத்தச் சொல்லியாச்சு. அப்பவும் சுவரை ஒட்டி உக்கார்ற பிள்ளைங்களுக்கு அப்பப்ப தப்பா காட்டத்தான் செய்யும்.

அட்டெண்டன்ஸ் எப்பவும் போல கிளாஸ் டீச்சர் ரெஜிஸ்டர்தான், ஆப் காட்டுறத வச்சு யாரையும் ஆப்சென்ட் போட மாட்டோம், நீங்களும் அதை வச்சு வீட்டுல பிள்ளையைத் திட்டாதீங்க. கார்டு கழுத்துலயே இருக்கட்டும், பைக்குள்ள ஸ்டீல் வாட்டர் பாட்டில் பக்கத்துல போட்டா சிக்னல் வெளியவே சரியா வராது. ஆப்ல பிள்ளை பேரே காணோம்னா உடனே ஆபீசுக்கு அடிங்க, ஆள் அனுப்பி நேர்ல பாத்துட்டு சொல்றோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்