பெரியவன் விஷயமாக

பண்டாரவளை

அன்புள்ள மச்சான்,

தீபாவளிக்கும் எழுதவில்லை, பொங்கலுக்கும் எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால்தான் குளிருக்கு முரண்டு பிடிக்கிறது. நம்ம சைக்கிள் மாஸ்டர் பென்ஷன் எடுத்தும் குரல் இறங்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை உனக்கு மட்டும்தான் எழுத முடியும், ஏன் என்று உனக்கே விளங்கும்.

தங்கச்சியின் பெரியவன் ராத்திரியில் படுக்கையை நனைக்கிறான். பதினாலு வயது. சின்ன வயதிலேயே நின்றுபோனது, போன மழைக்குப் பிறகு திரும்ப வந்துவிட்டது. லய வீட்டு வரிசைக்கு மேலே மண் வெடித்து, மண்சரிவு எச்சரிக்கை வந்து, எல்லாரையும் இருட்டோடு இருட்டாகப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பினார்கள். நல்லவேளை, சரியவில்லை. அவன் தலைக்குள்தான் தினமும் சரிகிறது. மீரியபெத்தை அவர்களுக்கு எவ்வளவு பக்கம் என்று உனக்குத் தெரியும். 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே மலை சரிந்து லயங்களை மூடியதை, மழை பெய்கிற ராத்திரியெல்லாம் பெரியவர்கள் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி, அப்போது விவரம் தெரியாத குழந்தையாக இருந்தவனுக்கு அது கண்ணால் பார்த்ததாகவே ஆகிவிட்டது. கனவில் சேறு வருகிறதாம், பாட்டியைத் தூக்க முடியவில்லையாம்.

ஆனால் மச்சான், ஈரத்தை விடப் பெரிய பிரச்சினை லயம். ஒரே காம்பராவில் ஐந்து பேர். கொடியில் பெட்ஷீட் தொங்கினால் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வரைக்கும் செய்தி. இந்தப் பனியில் மெத்தை எங்கே காய்கிறது! தகப்பன்காரர் கத்துகிறார். பாட்டி கோடாங்கியைக் கூப்பிட்டுக் கயிறு கட்டிவிட்டாள். கயிறு இருக்கட்டும், அதில் நட்டமில்லை. கத்துவதில்தான் நட்டம். வேண்டுமென்று எவன் மச்சான் இதைச் செய்வான்?

டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கனவைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை. மூத்திரத்தையும் சீனியையும் சோதித்தார். மலச்சிக்கல் உண்டா, குறட்டை விடுகிறானா என்று விசாரித்தார். மாதக்கணக்காக நின்றது திரும்ப வந்தால் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் மனசுக்கு வர வேண்டுமாம். அப்புறம் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவனோடு தனியாகப் பேசினார். யாராவது அடிக்கிறார்களா, தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார்களா என்று கேட்கத்தான். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். கடவுள் புண்ணியத்தில் இரண்டிலும் ஒன்றுமில்லை.

பகலில் நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும், பொழுது சாய்ந்தபின் குறைக்கட்டும், ராத்திரிப் பிளேன்டீ வேண்டாம் என்றார். தேயிலைத் தோட்டத்துக்காரியிடம் போய் இதைச் சொல்லிப் பார்! “இதைப் படிக்கவா அவர் கொழும்புக்குப் போனார்?” என்கிறாள் தங்கச்சி. இன்னொன்றும் சொன்னார்: முதலில் ரப்பர்ஷீட், மேலே ஒரு விரிப்பு, அதன்மேல் இன்னொரு ரப்பர்ஷீட், இன்னொரு விரிப்பு என்று அடுக்கிவிட்டால், நடுராத்திரியில் மேல் அடுக்கை உருவிவிட்டு யாரையும் எழுப்பாமல் அவனே படுத்துக்கொள்ளலாம்.

கனவுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார். பகலில் அந்தக் கனவை எழுதி, முடிவை மட்டும் இஷ்டப்படி மாற்றி, தினமும் கொஞ்ச நேரம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். நம்மவன் என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா? சேறு வருகிறது, பாட்டி மண் அள்ளும் பெக்கோவை ஓட்டிக்கொண்டு எதிரே வந்து எல்லாவற்றையும் வாரித் தள்ளுகிறாள், வாயில் வெற்றிலை! படித்துவிட்டுப் பாட்டியே சிரித்துவிட்டாள். இப்போது கனவு கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஈரம் இன்னும் குறையவில்லை. அதற்கு நாளாகும் என்கிறார் டாக்டர். அவசரமென்றால் மனநல உதவிக்கான 1926-க்கு எந்நேரமும் பேசலாம் என்று இலக்கமும் எழுதித் தந்திருக்கிறார்.

இனி உன் பங்கு. சாரணர் முகாமுக்கு வரமாட்டேன் என்று நிற்கிறான். ராத்திரி கூட்டாளிகளுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். முகாம் நாட்களுக்கு மட்டும் போட ஒரு மாத்திரை இருக்கிறதாம், கேட்டிருக்கிறேன். ஆனால் அவனுக்கு மாத்திரையை விட ஒரு ஆள் வேண்டும். ஹாஸ்டலில் எட்டாம் வகுப்பு வரைக்கும் விடியுமுன் எழுந்து துணி துவைத்துக் குளித்த உன் “முருக பக்தி” எனக்கும் வார்டன் ஐயாவுக்கும் மட்டும்தான் தெரியும். நான் இதுவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. இவனிடமும் நான் சொல்லமாட்டேன். நீ சொன்னால் நன்றாக இருக்கும். பாங்க் மானேஜர் அங்கிள் சொன்னால் நம்புவான்.

சித்திரை லீவுக்கு வா. வரும்போது ரப்பர்ஷீட் நாலு மீட்டர் வாங்கி வா. இங்கே வாங்கினால் கடைக்காரர் யாருக்கு என்று கேட்பார்.

அன்புடன்,
உன் பழைய கட்டில் பக்கத்துக்காரன்