ஷிபா இனு: மீட்டெடுக்கப்பட்ட இனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஷிபா இனு என்ற ஜப்பானிய நாய் இனம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் மூன்று திருத்தங்கள் தேவை. டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலைய வாசலில் சிலையாக நிற்கும் ஹாச்சிகோ என்ற நாய் ஷிபா அல்ல, அகிதா என்ற வேறு இனம். அகிதா ஆண் நாயின் தோள் உயரம் 64 முதல் 70 செ.மீ. வரை, ஷிபா ஆண் நாய்க்கு 38 முதல் 41 செ.மீ. தான்.

அடுத்தது, 'ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மாறாத இனம்' என்ற வரி. விற்பவர்கள் விரும்பிச் சொல்வது இது, பாதிதான் உண்மை. குத்துக் காதும் சுருட்டு வாலும் கொண்ட சிறு வேட்டை நாய்கள் ஜப்பானின் மலையூர்களில் தொன்றுதொட்டு இருந்தன. புதருக்குள் பதுங்கிய பறவைகளையும் சிறு விலங்குகளையும் கிளப்பிவிடுவது அவற்றின் வேலை. ஆனால் மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) மேலை நாட்டு நாய்கள் வந்து கலந்ததில் கலப்பில்லாத நாய் கிடைப்பதே அரிதானது. அதனால்தான் 1928இல் நிப்போ என்ற ஜப்பானிய நாய்ப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கப்பட்டது; 1936இல் ஷிபா இயற்கை நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பிறகு இரண்டாம் உலகப் போர், உணவுப் பஞ்சம், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய். மிஞ்சியவற்றைச் சேர்த்துத்தான் இனத்தை மீட்டார்கள். ஷிமானே மாகாணத்திலிருந்து வந்த இஷி என்ற ஆண் நாயையும் ஷிகோகு தீவைச் சேர்ந்த கோரோ என்ற பெட்டையையும் இணை சேர்த்ததில் பிறந்தது அகா. அதன் வழியில் 1948இல் பிறந்தது நாகா. இன்றைய ஷிபாக்களில் பெரும்பாலானவற்றின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பார்த்தால் இவற்றில்தான் போய் முட்டும்.

இது வெறும் வரலாற்றுத் தகவல் அல்ல. மூதாதைகள் சிலவே என்றால், மறைந்திருக்கும் குறைகள் குட்டிகளில் ஒன்றுசேர வாய்ப்பு அதிகம். ஷிபாவில் காணப்படும் ஜிஎம்1 கேங்ளியோசிடோசிஸ் அப்படிப்பட்ட பரம்பரை நோய். தாய், தந்தை இரண்டும் பார்வைக்கு நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும். இரண்டும் நோய்க்குக் காரணமான குறையுள்ள மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. குட்டிக்கு ஐந்தாறு மாதமாகும்போது நடை தள்ளாடும், தலை நடுங்கும். ஒன்றேகால் வயதைத் தாண்டுவது கடினம். சிகிச்சை இல்லை, ஆனால் மரபணுச் சோதனை இருக்கிறது. இனப்பெருக்கத்துக்கு முன் இரண்டில் ஒன்றாவது அந்த மரபணு இல்லாதது என்று உறுதியானால் போதும், குட்டிக்கு நோய் வராது. ஆகவே குட்டி வாங்குவோர் வம்சாவளிச் சான்றிதழோடு பெற்றோரின் சோதனை முடிவையும் கேட்டு வாங்க வேண்டும். முழங்கால் சில்லு விலகல், கண் அழுத்த நோய், தோல் ஒவ்வாமை ஆகியவையும் இந்த இனத்தில் உண்டு. பெற்றோருக்குக் கண், முழங்கால் பரிசோதனை நடந்ததா என்பதையும் விசாரிக்கலாம்.

புகழ் வந்த கதையைக் கட்டுரை சரியாகவே சொல்கிறது: இணையத்தில் பரவிய, கபோசு என்ற ஷிபாவின் 2010ஆம் ஆண்டுப் படம், அதை அடையாளமாகக் கொண்டு 2013இல் வந்த டோஜ்காயின் என்ற மின்னணு நாணயம். விட்டுப்போனது ஒன்று: நாய்க்குட்டி வியாபாரப் பண்ணை ஒன்று மூடப்பட்டபோது கைவிடப்பட்டு, 2008இல் தத்தெடுக்கப்பட்ட நாய் கபோசு. அதன் படத்தைக் காட்டியே இன்று பண்ணைக் குட்டிகள் விலைபோகின்றன.

மூன்றாவது, 'மாமே ஷிபா' எனப்படும் குட்டை வகையைத் தனி இனமாகக் கட்டுரை குறிப்பிடுகிறது. நிப்போ அதை ஏற்கவில்லை. சிறிய நாய்களையே தேர்ந்தெடுத்து இணை சேர்ப்பதால் கிடைப்பது அது. குட்டியாக வாங்கியது வளர்ந்து முழு அளவு ஷிபாவாகவே நிற்பதும் உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன் தாய், தந்தை இரண்டையும் நேரில் பார்த்துத் தோள் உயரத்தை அளந்துகொள்வது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்