நடு இருக்கைக்கு மட்டும் வசனம் கேட்கும் சென்டர் ஸ்பீக்கர்: மாற்றித் தரக் கோரும் புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு

பொருள்: 5.1 ஹோம் தியேட்டர் தொகுப்பின் சென்டர் ஸ்பீக்கர் ஓர இருக்கைகளில் வசனத்தை விழுங்குவது, பெட்டியில் அச்சிட்ட விவரங்கள் பொருந்தாதது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் தொகுப்பில் வந்த டவர் (திரையின் இருபக்கமும் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்கள்), சரவுண்ட், சப்வூஃபர் எதன் மீதும் எங்களுக்குக் குறை இல்லை. குறை முழுவதும் சென்டர் ஸ்பீக்கரில். படத்தின் வசனத்தில் பெரும்பகுதி அந்த ஒரு பெட்டி வழியாகத்தான் வருகிறது என்பதால், இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியவில்லை.

"சென்டர் லெவலை 3 டெசிபல் கூட்டுங்கள், ஆட்டோ கேலிபரேஷனை (தானியங்கி ஒலிச் சீரமைப்பை) மறுபடி ஓட்டுங்கள்" என்று இரண்டு முறை ஒரே பதிலை அனுப்பி, சேவைப் பிரிவு புகாரை முடித்து வைத்துவிட்டது. சொன்ன இரண்டையும் செய்து பார்த்தாயிற்று. இந்தக் குறை அதனால் தீரக்கூடியது அல்ல.

இந்த ஸ்பீக்கரில் கீழ், நடு ஒலிகளுக்கான இரண்டு 6.5 அங்குல வூஃபர்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன, நடுவில் உச்ச ஒலிகளுக்கான ட்வீட்டர். வூஃபர்களின் மையத்துக்கு மையம் அளந்தால் 30 செ.மீ. கிராஸ்ஓவர், அதாவது வூஃபரிலிருந்து ட்வீட்டருக்கு ஒலி கைமாறும் இடம், 2,800 ஹெர்ட்ஸ் என்று உங்கள் கையேடே சொல்கிறது. ஆகவே அதற்குக் கீழே இரண்டு வூஃபர்களும் ஒரே ஒலியைத்தான் எழுப்புகின்றன. நேர் எதிரே உட்காருபவருக்கு இரண்டும் சம தூரம், சிக்கல் இல்லை. 30 டிகிரி பக்கவாட்டில் உட்காருபவருக்கு ஒரு வூஃபர் மற்றதைவிட 15 செ.மீ. தள்ளிப் போகிறது. ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று வைத்தால், 15 செ.மீ. என்பது சுமார் 1,140 ஹெர்ட்ஸ் அலையின் சரிபாதி நீளம். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழ, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. சொல்லைச் சொல்லாக அடையாளம் காட்டுவதில் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. அடி விழுவது அந்த இடத்திலேயே.

அளவீட்டு மைக் வைத்து, சென்டரை மட்டும் ஓடவிட்டு மூன்று இடங்களில் பார்த்தோம். சோபா 2.4 மீட்டர் தொலைவில் இருக்கிறது. நடு இருக்கையில் பள்ளமே இல்லை. 75 செ.மீ. தள்ளிய ஓர இருக்கையில் (சுமார் 17 டிகிரி) 1,900 ஹெர்ட்ஸை ஒட்டி 7 டெசிபல் சரிவு. 1.4 மீட்டர் தள்ளிய பக்க நாற்காலியில் (30 டிகிரி) 1,150 ஹெர்ட்ஸை ஒட்டி 11 டெசிபல் சரிவு. கணக்கு எங்கே சொல்கிறதோ அங்கேயே பள்ளம். நம் வீடுகளில் அந்தப் பக்க நாற்காலியில் பெரும்பாலும் உட்காருவது பெரியவர்கள். காது சற்று மந்தமானவர்களுக்கே வசனம் தேய்ந்து போவதுதான் எங்களுக்கு மிகவும் வருத்தம்.

"அறையின் எதிரொலியாக இருக்கும்" என்றார் உங்கள் டெக்னீஷியன். அதற்கும் சோதனை செய்தோம். அதே ஸ்பீக்கரை, அதே இடத்தில், செங்குத்தாக நிமிர்த்தி வைத்தோம். அப்போது பக்கவாட்டில் எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு வூஃபர்களும் சம தூரத்தில் வந்துவிடுகின்றன. இரண்டு பள்ளங்களும் மறைந்தன. அறை மாறவில்லை, பெட்டியின் கிடைதான் மாறியது. மைக் இல்லாமலும் இதை உங்கள் ஷோரூமிலேயே பார்க்கலாம்: சென்டரில் மட்டும் பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்களும் கலந்த 'உஷ்' என்ற சோதனை ஒலி) ஓடவிட்டு, அதன் எதிரே இடமிருந்து வலமாக நடந்து பாருங்கள். நடக்க நடக்க ஒலியின் நிறம் மாறுவது காதிலேயே தெரியும்.

லெவலைக் கூட்டினால் ஏன் பயனில்லை என்றால், அழிக்கும் அலையும் அதே அளவு கூடுகிறது. ஈக்வலைசரில் 1,150 ஹெர்ட்ஸைத் தூக்கினாலும் அப்படியே. பக்க நாற்காலியில் பள்ளம் பள்ளமாகவே இருக்க, நடு இருக்கையில் குரல் காதைக் குத்தும். வைத்த விதத்திலும் தவறில்லை: ஸ்பீக்கரின் முகப்பு ஷெல்ஃப் விளிம்போடு ஒட்டி, காதின் உயரம் நோக்கிச் சாய்த்து, பின்புறத் துளைக்குச் சுவரிலிருந்து 20 செ.மீ. இடைவெளி விட்டு வைத்திருக்கிறோம். ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில், சப்வூஃபருக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் எல்லை 80 ஹெர்ட்ஸ்.

இனி பெட்டியின் மேல் அச்சிட்டவை. '8 ஓம், 91 டெசிபல்' என்கிறது. நாங்கள் அளந்த மிகக் குறைந்த இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் தரும் தடை) 190 ஹெர்ட்ஸில் 3.6 ஓம். ஐஇசி 60268-5 என்ற சர்வதேசத் தரநிலைப்படி அது குறிப்பிட்ட மதிப்பின் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 8 ஓம் என்று போட்டால் 6.4 வரைதான். இது நேர்மையாக 4 ஓம் ஸ்பீக்கர். 91 டெசிபலும் அங்கேதான் கரைகிறது: இந்த டெசிபலை வழக்கமாக 2.83 வோல்ட் கொடுத்து அளப்பார்கள், அது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். ஒரு வாட்டுக்குக் கணக்கிட்டால் 88 டெசிபல்தான். 6 ஓமுக்குக் கீழே இணைக்க வேண்டாம் என்று எழுதியிருக்கும் ரிசீவரோடு இதை நம்பி இணைப்பவர்களுக்கு ரிசீவர் சூடேறி அணைந்துவிடும் ஆபத்து உண்டு.

சென்டரும் டவரும் 'அதே சீரிஸ்' என்பதும் சரியில்லை. டவரில் 25 மி.மீ. பட்டுத் துணி ட்வீட்டர். சென்டரில் 19 மி.மீ. உலோக ட்வீட்டர். திரையில் ஒருவர் பேசிக்கொண்டே குறுக்கே நடந்தால், நடுவில் வரும்போது குரல் வேறு ஆளுடையதாக மாறுகிறது.

உங்கள் இணையதளத்தின் தேர்வுக் கருவியில் 'மூன்று இருக்கை சோபா, பக்கத்தில் நாற்காலி' என்று நாங்கள் கொடுத்த பிறகுதான் அது இந்த மாடலைப் பரிந்துரைத்தது. அந்த அமைப்புக்கு உரியது, ட்வீட்டருக்கு நேர் கீழே தனி மிட்ரேஞ்ச் (நடு ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) கொண்டு, ஒலியை மூன்றாகப் பிரிக்கும் த்ரீ-வே சென்டர். வூஃபர்கள் இரண்டும் 400, 500 ஹெர்ட்ஸிலேயே ஒதுங்கிவிட்டால் இந்தப் பள்ளம் வசனத்தின் பக்கமே வராது. அப்படி ஒரு மாடலை நீங்களே விற்கிறீர்கள்.

எனவே அந்த த்ரீ-வே மாடலைக் கூடுதல் விலை கேட்காமல் மாற்றித் தர வேண்டும். இருப்பு இல்லையென்றால், டவரில் உள்ள அதே ட்வீட்டர் கொண்ட புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒன்றைத் தந்து மீதித் தொகையைத் திருப்புங்கள். அதைச் செங்குத்தாக நிறுத்த டிவிக்குக் கீழே எங்களிடம் இடம் இருக்கிறது. இரண்டும் முடியாதென்றால் சென்டருக்கான முழுத் தொகையையும் திருப்பி, பெட்டியை உங்கள் செலவில் எடுத்துச் செல்லுங்கள். ஓம், டெசிபல் விவரங்களையும் தேர்வுக் கருவியையும் திருத்துங்கள். அடுத்து வாங்குபவருக்கு இது நேரக் கூடாது.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம். வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், நாங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவோம். பில் நகல், மூன்று இருக்கைகளின் அளவீட்டு வரைபடங்கள், செங்குத்தாக வைத்து எடுத்த வரைபடம், இம்பீடன்ஸ் அளவீடு, பெட்டியின் புகைப்படம் ஆகியவற்றை இணைத்துள்ளோம். டெக்னீஷியனை அனுப்புவதானால் அளவீட்டு மைக்கோடு அனுப்புங்கள். மூன்று இருக்கைகளிலும் அவர் முன்னாலேயே அளந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்