நாயின் பெயரோடு ஒட்டிய 'சான்'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடிடி தளங்களில் ஜப்பானிய அனிமே, அதாவது அசைபடத் தொடர்கள், தமிழ்க் குரலில் வரத் தொடங்கிவிட்டது. அடுத்து பழைய தொடர்களும் வர வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசையும். ஆனால் சண்டைத் தொடருக்கு வசனம் எழுதிப் பழகிய அதே கையோடு பழைய காதல் தொடர் ஒன்றை எழுதினால் கதையே வேறாகிவிடும். அவற்றில் காதலர்கள் மனம்விட்டுப் பேசுவது மிகக் குறைவு. எப்படிக் கூப்பிடுகிறார்கள், எதைக் கையில் வைத்திருக்கிறார்கள், எந்த இடத்தில் வாயடைத்து நிற்கிறார்கள் என்பதில்தான் காதல் இருக்கிறது. 'மேசான் இக்கோக்கு' என்ற பழைய காதல் தொடர் ஒன்றை மட்டும் வைத்து இதை எழுதுகிறோம்.

ருமிகோ தகஹாஷி 1980 முதல் 1987 வரை வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை அது. ஸ்டூடியோ டீன் தயாரித்த அனிமே 1986 மார்ச் முதல் 1988 மார்ச் வரை ஃபூஜி டிவியில் 96 பகுதிகளாக ஒளிபரப்பானது. பழைய மரக்கட்டட விடுதி ஒன்று. ஐந்தாம் எண் அறையில் கோடாய் யூசாகு, கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்று மறுபடியும் படிக்கும் இளைஞன். விடுதியைப் பார்த்துக்கொள்ள வருகிறாள் ஒடோனாஷி கியோகோ. அவனைவிட இரண்டு வயது மூத்தவள். பள்ளியில் தனக்குப் பாடம் நடத்திய ஆசிரியரை மணந்து, ஆறு மாதத்திலேயே அவரை இழந்தவள். கூடவே ஒரு வெள்ளை நாய் வருகிறது.

அந்த நாயை அவள் 'சோஇச்சிரோ-சான்' என்று அழைக்கிறாள். இறந்த கணவரின் பெயர் அது, 'சான்' என்பது ஜப்பானியர் பெயரோடு சேர்க்கும் மரியாதை ஒட்டு. இங்கேதான் வசனம் எழுதுபவரின் கை முதலில் தவறும். நாய்க்கு எதற்கு மரியாதை என்று 'சான்'-ஐ வெட்டிவிட்டால், மிஞ்சுவது வெறும் நாய்ப் பெயர். 'சார்' என்று மாற்றினால் சிரிப்பாகிவிடும். ஜப்பானிய மனைவி கணவரைப் பெயரோடு 'சான்' சேர்த்து அழைப்பதுண்டு. கணவர் பெயரைச் சொல்லாமல் 'என்னங்க' என்றே கூப்பிட்ட பாட்டிமாரைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இது மனைவியின் விளி என்பது காதில் உடனே உறைக்காது. அதனால் அந்த 'சான்' கூடுதல் கவனத்தோடு அப்படியே நிற்க வேண்டும். தட்டை வைத்து அவள் நாயைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் கணவரைக் கூப்பிடுகிறாள். கோடாய் அதே நாயை வெறும் 'சோஇச்சிரோ' என்கிறான். கணவரின் முகத்தையோ தொடர் முழுக்கக் காட்டவே மாட்டார்கள், நிழல் விழுந்திருக்கும், இல்லையென்றால் ஏதாவது மறைத்திருக்கும். நாய்க்குத்தான் முகம் உண்டு.

அடுத்தது 'கன்ரினின்-சான்'. விடுதியின் பொறுப்பாளர் என்று பொருள். கோடாய் அவளை வழக்கமாக அழைப்பது இப்படித்தான். 'மேனேஜரம்மா' என்றால் வயது ஏறிவிடுகிறது, 'மேடம்' என்றால் அலுவலக வாடை. எல்லாவற்றிலும் மோசம் 'அக்கா'. இரண்டு வயது மூத்த பெண் என்றதும் தமிழ் நாக்கு தானாக அங்கேதான் போகும், போன மாத்திரத்தில் காதலுக்கு வாசல் அடைபட்டுவிடும். இன்னொரு தவறு, எளிதாக இருக்கட்டுமென்று ஆரம்பத்திலிருந்தே 'கியோகோ' என்று பெயர் சொல்லி அழைக்க வைப்பது. தொடரின் தொடக்கத்தில் ஒரு காட்சி: குடித்துவிட்டு வரும் கோடாய், தெருவே கேட்கும்படி, 'கியோகோ-சான்'-ஐத் தான் காதலிப்பதாகக் கத்துகிறான். அக்கம்பக்கம் விழிப்பது காதல் என்ற சொல்லுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். பகலில் பதவிப் பெயரைத் தவிர வேறெதுவும் வராத வாயிலிருந்து அவள் பெயர் வந்துவிட்டது, அதுதான் அங்கே நடப்பது. அதற்கு முன்பே பத்து முறை பெயர் சொல்லியிருந்தால் அந்தக் காட்சியில் சத்தம்தான் மிஞ்சும்.

'சென்செய்' (ஆசிரியர்), 'சென்பாய்' (மூத்த மாணவர்) இரண்டையும் நம் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டாயிற்று. 'கன்ரினின்-சான்' அதைவிடக் கடினமில்லை. முதல் பகுதியில், விடுதிவாசிகள் அவளை வரவேற்கும் இடத்தில், 'நம்ம விடுதிக்குப் புதுப் பொறுப்பாளர்' என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும். வாயசைப்புக்கும் தடையில்லை. அக்காலத் தொலைக்காட்சி அனிமேயில் பேசும் வாய்க்குப் பெரும்பாலும் மூடியது, பாதி, திறந்தது என மூன்றே படங்கள்தான். ஆகவே உச்சரிப்பைவிட நேர அளவே முக்கியம். ஜப்பானியக் கணக்கில் 'கன்ரினின்-சான்' 7 மாத்திரை, 'கியோகோ-சான்' 5. ஒன்றை மற்றொன்றால் மாற்றினாலே வாய் முந்தும் அல்லது பிந்தும்.

நீ, நீங்கள் சிக்கல் தனி. ஆங்கில வசனத்தை வைத்துத் தமிழாக்கினால் அங்கே ஒரே ஒரு 'யூ'தான் இருக்கும், யார் யாருக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்பது அதில் தெரியாது. தமிழிலோ வினைமுற்று வரைக்கும் தீர்மானித்தாக வேண்டும். மூல ஒலியில் வாக்கியம் 'தெசு', 'மாசு' என்ற பணிவு விகுதிகளில் முடிகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்வதே வழி. கோடாய் கியோகோவிடம் பேசுவது பணிவான நடையில்தான், திருமணம் கேட்கும்போதுகூட. தமிழ் சினிமாப் பழக்கத்தில் அந்த இடத்தில் 'நீ' என்று இறங்கினால், அத்தனை பகுதிகளாக அவன் காத்த தூரம் வீணாகிவிடும்.

மௌனத்தையும் தொடக்கூடாது. வாசலில் துடைப்பத்தோடு கூட்டிக்கொண்டிருக்கும் கியோகோவின் கை நிற்கிறது, பிறகு மறுபடி கூட்டுகிறாள். அவள் கேட்ட செய்தி நெஞ்சைத் தொட்டது என்பதற்கு அது போதும். அங்கே 'ஓ, அப்படியா' என்று ஒரு வரியைச் செருகினால் எல்லாம் போயிற்று. கோடாய்க்கு வேறு பெண்ணிடமிருந்து வரும் தொலைபேசியை எடுத்து அவனிடம் சொல்லும் வேலையும் அவளுடையதே. அந்தக் குரலில் பணிவு ஒரு இழை கூடிவிட்டால் கோபம் என்று அர்த்தம். குரல் கொடுப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கியோகோவை விரும்பும் இன்னொருவர், கோடாயின் போட்டியாளர் மிதாகாவுக்கு நாய் என்றாலே நடுக்கம். பயத்தைப் போக்கிக்கொள்ள அவரே ஒரு பொமரேனியன் வளர்க்கிறார். கியோகோவை அடைய வேண்டுமானால் அவளுடைய நாயைக் கடந்தாக வேண்டும் என்பது புரிந்தவர். பெயர்களில் உள்ள எண் விளையாட்டைத் தமிழில் கொண்டுவர முடியாது, குறிப்பாகக் கொடுக்கலாம்: விடுதிவாசி இச்சினோசே ஒன்று, மிதாகா மூன்று, இன்னொரு விடுதிவாசி யோட்சுயா நான்கு, கோடாய் ஐந்து. கியோகோவின் குடும்பப் பெயரான ஒடோனாஷியில் உள்ள எழுத்து 'இல்லை', அதாவது பூஜ்யம்.

திருமணத்துக்குச் சம்மதிக்கும்போது அவள் ஒரே ஒரு வாக்குறுதி கேட்கிறாள். "ஒரு நாளாவது போதும், எனக்கு அப்புறமும் உயிரோட இருங்க. இனிமே என்னால தனியா வாழ முடியும்னு தோணல." 'நீண்ட நாள் வாழுங்கள்' என்று எழுதினால் வாழ்த்து அட்டையாகிவிடும். 'பூவும் பொட்டுமாப் போயிடணும்' என்று எழுதவும் கை துறுதுறுக்கும், சொல்வது அதே ஆசைதானே என்று. வேண்டாம். அது சுமங்கலி என்ற நிலையைப் பற்றிய பேச்சு. இவள் பயப்படுவது இன்னொரு முறை தனியாக வீடு திரும்புவதற்கு. அந்த 'ஒரு நாள்' என்ற அளவு மட்டும் வசனத்திலிருந்து விழவே கூடாது.

பிறகு இறந்த கணவரின் கல்லறைக் காட்சி. கணவரின் உடைமைகளைத் திருப்பிக் கொடுத்தாலும் அவள் உங்களை மறக்க மாட்டாள் என்று கோடாய் கல்லைப் பார்த்துச் சொல்கிறான். தான் பொறாமைப்படுவதையும் ஒப்புக்கொள்கிறான். முதல் நாளே அவளுக்குள் நீங்கள் இருந்தீர்கள், அப்படிப்பட்டவளைத்தான் நான் விரும்பினேன், ஆகவே உங்களையும் சேர்த்தே ஏற்கிறேன் என்கிறான். நாய்க்கு 'நீ' போட்டவன் இங்கே 'நீங்கள்' போட வேண்டும். இதைப் பேசும்போது அவன் 'கன்ரினின்-சான்' என்று சொல்வதில்லை, 'கியோகோ-சான்' என்கிறான், இம்முறை குடிக்காமல். அவன் அறியாமல் அதைக் கேட்டு நிற்கிறாள் அவள்.

இப்படிக்கு,
அனிமே வசன மொழிபெயர்ப்பில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்